பந்தியில் உட்கார்ந்த வெள்ளம்

காய்ந்த பனையோலைகளை ஊர் நீளத்துக்குப் பரப்பிவைத்து அதன்மேல் ஆயிரம் பேர் செருப்பில்லாமல் ஓடிவருவது போன்ற அந்தச் சத்தத்தை ஞானக்கனி முதன்முதலாகக் கேட்டபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பாதிப் பின்னல் முதுகில் கிடந்தது, மீதிப் பாதி கையில் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய கல்யாண ஓலை கோயிலில் மூன்றாம் முறையாக வாசிக்கப்பட வேண்டிய நாள்.

சீலோவாபுரத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் இதுதான் முறை. இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று அடுத்தடுத்து மூன்று ஞாயிறு, ஆராதனைக்கு நடுவே, சபையார் எல்லோர் காதிலும் விழும்படி குருவானவர் வாசிக்க வேண்டும். ஒரு ஞாயிறு தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு அந்தச் சத்தம் தாமிரபரணியாக இருந்தது. அது வந்து மூன்று நாள் கோயிலுக்குள் நின்றது, ஓலை ஈரத்தில் ஊறிக் கூழாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் ஆறே வந்து தடை சொல்லிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, அடுத்த மாதமே ஆறில்லாத ஓர் ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவளை யாரும் கேட்டு வரவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டு வந்தவர்களிடம் ஊரில் யாராவது அந்த ஆற்றின் கதையைச் சொன்னார்கள், அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஞானக்கனி பால்வாடி டீச்சரானாள். முப்பது பிள்ளைகளைத் தினமும் வரிசையாக உட்காரவைத்துச் சோறு போட்டாள். ஒரு நாளும் அவள் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தினால் அதற்குள்ளிருந்து வேறு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தவள்போல, எல்லாவற்றையும் மெல்லத்தான் சொன்னாள். இப்படியே இருபத்தொரு வருஷம் போயிற்று.

சீலோவாபுரத்துக்கு அந்தப் பெயரை வைத்தது ஒரு வெள்ளைக்கார ஐயர். வேதத்தில் சீலோவா என்பது சத்தமில்லாமல் ஓடும் ஒரு சிறு நீரோடை. ஆற்றிலிருந்து அவர் வெட்டிக் கொண்டுவந்த வாய்க்காலும் அப்படியே ஓடியது. ஒரு பூவரச இலையை ஊரின் மேல்கோடியில் போட்டால் அது கீழ்கோடியைத் தொட ஒரு காலைப்பொழுது ஆகும். பிறகு வாழைத்தோட்டங்களுக்கு நடுவே நெளிந்து, உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கடலில் சேரும். நூற்றிச் சொச்சம் வருஷம் அந்த வாய்க்காலைக் குடித்து வளர்ந்த ஊர், ஆற்றிலிருந்து ஆள் உயரக் குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்ததும் அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டது. குப்பை எல்லாம் அதில் விழுந்தது. உடைந்த நாற்காலியும், பழைய மெத்தையும், போன வருஷத்துக் கிறிஸ்மஸ் நட்சத்திரமும் அதில் கிடந்தன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மாசிலாமணி சார் சபைக் கமிட்டியில் எழுந்து நின்று, வாய்க்காலை மூடி அதன்மேல் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று தீர்மானம் போட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். "எதுக்கு இந்த ஊத்தைத் தண்ணி? நமக்குத்தான் ஆறே இருக்கே!" என்றார் அவர். அவர் குரலுக்கு மைக் வேண்டாம்; ஆனாலும் மைக்கில்தான் பேசுவார்.

வாய்க்காலுக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆள் லஸ்கர் யோபு. மதகின் பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் அவன் அரசாங்க வேலை; கொக்கி போட்ட நீளக் கழியால் குப்பையை இழுத்து வெளியே போடுவது அவனாக எடுத்துக்கொண்ட வேலை. மனைவியை இழந்தவன், நாற்பத்தைந்து வயது, வேறு ஊர்க்காரன். ஒரு நாள் பால்வாடி வாசலில் வந்து நின்று, ஒரு சாக்கைக் கவிழ்த்தான். அதிலிருந்து பந்துகள் உருண்டன.

"டீச்சர், இதுல உங்க பிள்ளைங்க பந்து எது?"

"எல்லாம் எங்களுதுதான்."

"பதினோரு பந்தா?"

"பதினோரு வருஷம்" என்றாள் ஞானக்கனி.

அவன் சிரித்தான். அடுத்த வாரம் பந்தில்லாமலே வந்தான். அதற்கடுத்த மாதம், "நான் சத்தம் போட்டுப் பேச மாட்டேன் டீச்சர். நீங்களும் போட மாட்டீங்க. வீடு அமைதியா இருக்கும்" என்று சொன்னான். அவள் அதை ஒரு கவிதையைக் கேட்டதுபோலக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலை அளந்தாள். நான்கு பிள்ளைகளுக்கு இரண்டு முறை அளந்தாள்.

அவர்கள் இருவருக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு உரிய ஞாயிறு கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன நாளாக அமைந்தது. அசனம் என்றால் ஊர்கூடிப் பொங்கி ஊர்கூடிச் சாப்பிடுவது. வந்தவர் யார் என்று கேட்கக் கூடாது, எத்தனை பேர் என்று எண்ணக் கூடாது, ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொல்லும்வரை ஒரு பருக்கை பரிமாறக் கூடாது. இவை மூன்றும் அந்த ஊரில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்தபடி. அதோடு, அதற்கடுத்த ஞாயிற்றிலிருந்து ஆகமன காலம், கிறிஸ்மஸ்வரை கல்யாணம் கிடையாது. தை மாதம் யோபுவை மேலே அணைக்கு மாற்றுகிறார்கள். ஆகவே ஓலை அன்றைக்கே வாசிக்கப்பட வேண்டும். வியாழக்கிழமை கல்யாணம் நடக்க வேண்டும். ஆறு இரண்டாம் முறையும் குறுக்கே வந்தால், மூன்றாவது மனுஷன் ஒருவன் அவள் வாசலுக்கு வரப்போவதில்லை. இது ஊருக்கே தெரியும். அவளுக்கு ஊரைவிட நன்றாகத் தெரியும்.

வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்த காலை அது. கோயிலுக்கு வெளியே பதினெட்டு ஆட்டின் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, உள்ளே மாசிலாமணி சார் பாடம் வாசிக்க எழுந்தார். அன்றைய பாடம் ஒரு தீர்க்கதரிசி சொன்னது: மெல்ல ஓடும் சீலோவாவை இந்த ஜனங்கள் வேண்டாமென்று தள்ளினார்கள், ஆகையால் பெரிய ஆறு அவர்கள்மேல் வரும், அசீரியாவின் ராஜாவும் அவன் சேனையுமே அந்த ஆறு, அது கரைகளையெல்லாம் மேவி, ஊருக்குள் பாய்ந்து, கழுத்துவரைக்கும் ஏறும். கழுத்து என்ற சொல்லை வாசித்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். அப்போது காய்ந்த பனையோலையின்மேல் ஆயிரம் பேர் செருப்பில்லாமல் ஓடிவரும் சத்தம் கேட்டது.

பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் ஞானக்கனி கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலில் நின்ற கோயில்குட்டி அப்பாத்துரை, மணி அடிப்பதும் கோயிலைக் கூட்டுவதும் அவர்தான், வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, வெள்ளம் வருது" என்றார். பிறகு இன்னொரு முறை பார்த்துவிட்டு, "ஆளா வருது" என்றார்.

ஆளாகத்தான் வந்தது. சுருள் சுருளாகத் தாடி வைத்து, கூம்புத் தொப்பி போட்டு, வட்டக் கேடயமும் ஈட்டியும் பிடித்த அசீரியர்கள், அணிவகுத்து வராமல், ஆறு வருவதுபோலவே வந்தார்கள். பள்ளத்தை முதலில் நிரப்பினார்கள், மரங்களைச் சுற்றிச் சுழித்தார்கள், தெருமுனைகளில் நுரைத்தார்கள், கதவைச் சாத்தினால் கதவிடுக்கில் கசிந்தார்கள், எங்கேயோ மேலூரில் பிய்த்துக்கொண்டு வந்த ஒரு மாட்டுக்கொட்டகைக் கூரையையும் அதன்மேல் நின்ற ஆச்சரியப்படாத ஓர் ஆட்டையும் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். தண்ணீர் மட்டம் தேடுவதுபோல அவர்களும் மட்டம் தேடினார்கள். பள்ளமான கீழத்தெருவில் ஒருவர் தோளில் ஒருவராக மூன்று ஆள் உயரத்துக்கு நின்றார்கள். மேடான கல்லறைத் தோட்டத்தில் படுத்துக்கொண்டார்கள். மேலிருந்து பார்த்தால் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அந்தத் தொப்பிகளின் பரப்பு ஒரே மட்டமாக இருந்தது. கோயிலுக்குள் சரியாகக் கழுத்தளவு.

ஊர் வெள்ளத்துக்குப் பழகின ஊர். யாரும் கூச்சல் போடவில்லை. பெண்கள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டார்கள். ஆண்கள் பாட்டுப் புத்தகங்களை மேலே பரணில் எறிந்தார்கள். வீடுகளில் இருந்தவர்கள் ஆடுகளையும் அரிசி மூட்டைகளையும் மாடிக்கு ஏற்றினார்கள். பிள்ளைகள் மிதந்தார்கள். அசீரியத் தொப்பிகளின்மேல் உட்கார்ந்து, கீழிருந்தவர்கள் நெருக்கிக்கொண்டு நகர நகர, சிரித்துக்கொண்டே பீடம்வரை போய்த் திரும்பி வந்தார்கள். அசனத்துக்கு விருந்தாளியாக வந்திருந்த கிராம அதிகாரி, கேட்டருகில் கழுத்தளவு படையில் நின்றபடி, கைபேசியை உயரப் பிடித்துத் தாலுகா அலுவலகத்தோடு பேசினார்.

"சார், வெள்ளம் சார்... இல்ல சார், அணையில திறக்கல. தண்ணி இல்ல சார். படை... ஆமா சார், படைவெள்ளம்... போலீசா? போலீசுக்குச் சொன்னா அவுக உங்களுக்குச் சொல்லுங்கன்றாக சார். படிவத்துல வெள்ளம்னு ஒரு கட்டம், கலவரம்னு ஒரு கட்டம் இருக்கு, எதுல டிக் போட?... சார், தாடி இடிக்கி, சரியாக் கேக்கல."

ஞானக்கனிக்குப் பக்கத்தில் நின்ற அவள் மதினி ரூபி, தன் தோளில் முட்டிக்கொண்டிருந்த வீரனைக் கோபமாகப் பார்த்தாள். "ஏய்யா, எங்க போறீய இப்படி?"

அவன் வேதபுத்தகத் தமிழில் பேசினான். அங்கிருந்து வந்தவன் வேறு எப்படிப் பேசுவான்? "அறியேன், அம்மணி. பின்னாக இருக்கிறவர்கள் எங்களைத் தள்ளுகிறார்கள்."

"பின்னால இருக்கவுகளைக் கேக்க வேண்டியதுதானே?"

"அவர்களுக்குப் பின்னாகவும் அநேகர் உண்டு."

"சரி, கடைசியில யாரு நிக்கா?"

"கடைசியில் நிற்கிறவனை ஒருவனும் ஒருக்காலும் கண்டதில்லை" என்றான் அவன். வெயிலில் வியர்த்திருந்தது. ரூபி தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். அவனுக்குக் கையை மேலே எடுக்க இடமில்லை. அவளே துடைத்துவிட்டாள்.

பீடத்தருகே குருவானவர் சத்தியநேசன் ஓலைப் பதிவேட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷர், பலவீனமான தொண்டை. கவசம் கவசத்தோடு உரசுகிற சத்தம் கூழாங்கல் உருள்வதுபோலக் கோயிலை நிறைத்திருந்தது. அவர் வாயைத் திறந்து ஏதோ சொன்னார். பிறகு, "கேக்குதா?" என்று கத்தினார்.

"கேக்கல!" என்றது சபை.

"இப்போ?"

"இப்பவும் கேக்கல!"

மாசிலாமணி சார் ஈட்டிகளுக்கு நடுவிலிருந்து குரல் கொடுத்தார். அது எல்லோருக்கும் கேட்டது. "ஐயா, சபையார் காதுல விழலைன்னா அது வாசிச்சதா ஆகாது. வெள்ளம் வடியட்டும். தையில பாத்துக்கலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சட்டத்தைச் சொன்னார். குருவானவர் ஞானக்கனி இருந்த பக்கம் பார்த்து, பதிவேட்டை மெல்ல மூடப்போனார். அந்த மூடுகிற கையைப் பார்த்தபோது, இருபத்தொரு வருஷத்துக்கு முன் அவள் தாய் ஒரு பட்டுப்புடவையை இரும்புப்பெட்டிக்குள் வைத்து மூடிய கை ஞானக்கனிக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வந்தால் என்ன சொல்ல முடியும்? தண்ணீரிடம் யாரும் பேச முடியாது.

ஆனால் இவர்கள் ஆட்கள். அவள் தினமும் ஆட்களோடு வேலை செய்கிறவள். தள்ளுகிற முப்பது பேரை, ஏன் தள்ளுகிறோம் என்று தெரியாமல் தள்ளுகிற முப்பது பேரை, பதினெட்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். நிற்கிற பிள்ளைதான் தள்ளும். உட்கார்ந்த பிள்ளை தள்ளுவதில்லை.

அவள் கழுத்தளவு அசீரியர்களுக்குள், ஆற்றில் நடப்பதுபோல இரண்டு கையாலும் விலக்கி விலக்கி, "கொஞ்சம் தள்ளிக்கோங்க, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே, மணிக்கயிற்றுக்கு வந்துசேர்ந்தாள். "அப்பாத்துரை அண்ணாச்சி, அசன மணியை அடிங்க."

அப்பாத்துரை கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஏட்டி, ஆராதனை முடியாமலா?"

"ஆராதனை முடியலைன்னு எனக்கும் தெரியும். முடியக் கூடாது. முடிஞ்சா என் ஓலையை எங்க வாசிக்க?"

மாசிலாமணி சார் கேட்டுவிட்டார். "டீச்சர்! ஆசீர்வாதம் சொல்லாம அசனம் கிடையாது. நூத்தி இருபது வருஷ வழக்கம். ஆசீர்வாதம் சொல்லிட்டா ஆராதனை முடிஞ்சுபோகும், ஓலை வாசிக்க முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்."

"சார், பரிமாறத்தானே கூடாது?" என்றாள் ஞானக்கனி. "உக்காரக் கூடாதுன்னு வழக்கம் இருக்கா?"

மாசிலாமணி சார் யோசித்தார். நாற்பது வருஷம் சட்டதிட்டங்களோடு வாழ்ந்த மனுஷர். அவற்றுக்குள் எங்கே தேடினாலும் அப்படி ஒன்று அவருக்குக் கிடைக்கவில்லை. "இல்ல" என்றார், வருத்தமாக.

"இலை போடக் கூடாதுன்னு இருக்கா?"

"அதுவும் இல்ல."

"இத்தனை பேருக்கு எங்க டீச்சர் சோறு?" என்று வெளியே அண்டாவருகிலிருந்து சமையல்காரர் அலறினார். "அறுநூறு பேருக்குத்தான் பொங்கிருக்கு! இதுக லட்சம் இருக்கும்!"

"எண்ணாதீங்க" என்று சபையே அவரை அதட்டியது. அசனத்தில் எண்ணக் கூடாது.

மணி அடித்தது. மூன்று மூன்றாக, நிறுத்தி நிறுத்தி, பசியாயிருக்கிறவன் வயிற்றில் போய்த் தொடுகிற அந்த மணி. சீலோவாபுரத்து ஜனங்கள், கழுத்தளவு படையில் நின்றுகொண்டிருந்த ஒவ்வொருவரும், தனக்கு அடுத்து நின்றவனைப் பார்த்து, வருஷா வருஷம் விருந்தாளிகளிடம் சொல்கிற அதே சொல்லைச் சொன்னார்கள்: "வாங்க, உக்காருங்க. பந்தி போட்டாச்சு. உக்காருங்கய்யா."

இரண்டாயிரத்தெழுநூறு வருஷமாக நடந்துகொண்டிருந்த படை அது. எழும்பு, நட, பாய், அழி என்று ராஜாக்கள் சொல்லியிருக்கிறார்கள். உட்கார் என்று அவர்களிடம் ஒருவரும் சொன்னதில்லை. முதலில் ரூபியின் பக்கத்தில் நின்றவன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சம்மணம் போடத் தெரியாமல் ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி உட்கார்ந்தான். அவனைப் பார்த்து அடுத்தவன். அவனைப் பார்த்து அந்த வரிசை. வரிசையைப் பார்த்துக் கோயில். கழுத்தளவு இருந்த வெள்ளம் மார்பளவு ஆயிற்று, மார்பளவு இடுப்பளவு ஆயிற்று, கோயிலைத் தாண்டித் தெருக்களில், தெருக்களைத் தாண்டிக் களத்தில், கீழத்தெருவில் மூன்று ஆள் உயரத்துக்கு நின்றவர்கள் ஒருவர் தோளிலிருந்து ஒருவர் இறங்கி வாழைத்தோட்டத்து வரப்புகளில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை எதிரெதிர் வரிசையாக, முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இலை தீர்ந்தது, பனையோலைப் பட்டை தீர்ந்தது, பூவரச இலை, தேக்கிலை, கிராம அதிகாரியிடம் இருந்த வெள்ள நிவாரணப் படிவம் எல்லாம் தீர்ந்தன. இலை கிடைக்காதவர்களும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகு, வருது வருது என்று யாராவது வாளியோடு நடந்துகொண்டிருக்கும்வரை, யார் எழுந்திருப்பார்கள்?

அப்போது வந்த அமைதி சீலோவாபுரம் கேட்டறியாத அமைதி. குருவானவர் பதிவேட்டைத் திறந்தார். அவர் தொண்டையைச் செருமியது வாழைத்தோட்டம்வரை கேட்டது.

"சீலோவாபுரம் காலஞ்சென்ற பொன்னையா மகள் ஞானக்கனிக்கும், காலஞ்சென்ற செல்லையா மகன் யோபுவுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது மூன்றாம் முறை. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்."

எந்த ஓலைக்குப் பிறகும் குருவானவர் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். அந்த மூச்சுக்குள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சேனாபதி, தாடியில் பொன்கம்பி பின்னியவன், கையைத் தூக்கினான்.

ஞானக்கனி மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வேறு சத்தமில்லாத அந்த இடத்தில் அவள் வளையல் குலுங்கியதை எல்லோரும் கேட்டார்கள்.

"சொல்லுங்க" என்றார் குருவானவர்.

சேனாபதி எழுந்து நின்றான்; கோயிலுக்குள் ஒரு சிற்றலை எழும்பி அடங்கியது. "ஆண்டவனே, தடையொன்று உண்டு. இலை போட்டு நெடுநேரமாயிற்று. சோறோ இன்னும் வந்தபாடில்லை."

"அது," என்றார் குருவானவர், "கல்யாணத்துக்குத் தடை இல்ல. அது சமையல்காரருக்கு."

முதலில் ரூபி சிரித்தாள். பிறகு சபை சிரித்தது. என்ன என்று தெரியாமலே அசீரியர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கோயிலைத் தாண்டி, தெருக்களைத் தாண்டி, பின்னாலிருக்கிறவர்களுக்கும் அவர்களுக்குப் பின்னாலிருக்கிறவர்களுக்கும் போய்க்கொண்டே இருந்தது. அது அந்தக் கடைசி ஆள்வரை போயிருக்கும் என்று ஞானக்கனி நம்பினாள்.

ஆசீர்வாதம் சொன்னார்கள். பரிமாறினார்கள். முன்வரிசைகளுக்குச் சோறும் கறியும், நடுவரிசைகளுக்குச் சோறும் குழம்பும், அதற்குப் பின்னால் குழம்பில் பிசைந்த ஒரு பிடி, அதற்கும் பின்னால் ஒரு வாய் வடிகஞ்சி. அதுவும் இல்லாதவர்களுக்கு ஊர்ப்பெண்கள் வீட்டுக்குள் போய்க் கருப்பட்டியை உடைத்துக் கொண்டுவந்தார்கள். குறை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டவர்கள் எழுந்து, எச்சில் கையை ஏந்தியபடி நின்றார்கள். அப்போதுதான் உண்மையான கலவரம் பிறந்தது. ஆள் உயரக் குழாயைத் திறந்தார்கள்; ஒரே நேரத்தில் ஊரெல்லாம் திறந்ததில் அது காற்றைக் கக்கிவிட்டு ஓய்ந்தது. விருந்தாளியை எச்சில் கையோடு நிறுத்துவதுபோல ஒரு மானக்கேடு சீலோவாபுரத்துக்கு வேறில்லை.

"வாய்க்கா இருக்கே" என்றாள் ஞானக்கனி.

வாய்க்கால் இருந்தது, மெத்தையும் நாற்காலியுமாக இருந்தது. மாசிலாமணி சார் அதன் கரையில் போய் நின்று பார்த்தார். எச்சில் கையை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு தனக்குப் பின்னால் பொறுமையாக நிற்கும் அத்தனை பேரையும் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசாமல், வாய்க்காலில் இறங்கினார். அவர் தூக்கிய முதல் பொருள் அவர் வீட்டுப் பழைய டிவிப் பெட்டி. அதைக் கண்டதும் ஊரே இறங்கிற்று. யோபு ஆறு வருஷமாகத் தனியாக இழுத்துத் தீராததை அவர்கள் ஒரு மணி நேரத்தில் கரையேற்றினார்கள்.

யோபு ஊரின் மேல்கோடியில், மதகில் இருந்தான். வெள்ளம் என்றால் லஸ்கர் மதகைவிட்டு நகரக் கூடாது. ஓலை வாசித்ததைக்கூட அவன் அந்த அமைதியில் அங்கிருந்தேதான் கேட்டிருந்தான். ஊருக்குள்ளிருந்து "திறங்க!" என்று குரல் வந்தது. அவன் பலகையைத் தூக்கினான், தன் வழக்கம்போல, கொஞ்சமாக, இன்னும் கொஞ்சமாக. தண்ணீர் வந்தது. அது அவசரப்படவில்லை.

அசீரியர்கள் மதகடிக்கு வந்து இறங்கிக் கை கழுவினார்கள், வாய் கொப்பளித்தார்கள், தாடியை நனைத்துப் பிழிந்தார்கள். கழுவிய கையோடு, தண்ணீர் போகிற பக்கமாக நடந்தார்கள். வாய்க்கால் குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், மெல்லத்தான் போக முடியும், பின்னாலிருக்கிறவன் முன்னாலிருக்கிறவனைத் தள்ளினால் இரண்டு பேரும் வழுக்கி விழுவார்கள். அதனால் யாரும் தள்ளவில்லை. ஆறாக வந்தவர்கள் வாய்க்காலாகப் போனார்கள். மதகடியில் இறங்கும்போது ஒவ்வொருவரும் யோபுவைப் பார்த்து, "உமக்குச் சமாதானம்" என்றார்கள். அவன் ஒவ்வொருவருக்கும், "போய்ட்டு வாங்க" என்றான். சாயங்காலத்துக்குள் அவன் தொண்டை கட்டிவிட்டது. சேனாபதி மட்டும் நின்று, "நீர்தானா அந்த மணவாளன்?" என்று கேட்டான். ஆமாம் என்றான் யோபு. சேனாபதி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவள் எங்கள் ராஜாவுக்குச் சேனாபதியாயிருந்திருந்தால்..." என்று தொடங்கி, என்ன நினைத்தானோ, முடிக்காமல் போனான்.

தாலுகா அலுவலகத்தில் அதை 'மிதமான வெள்ளம்' என்று பதிந்தார்கள். கோயில் சுவரில் கழுத்து உயரத்துக்குக் கவசம் உரசிய பித்தளைக் கோடு ஒன்று நின்றது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு பள்ளங்களில் தண்ணீர் நிற்பதுபோல அங்கங்கே கொஞ்சம் பேர் தேங்கி நின்றார்கள்: குளத்தில் ஒரு நாற்பது பேர், ரூபியின் கிணற்றில் ஒருவன். வாளி இறக்கினால் அவனும் ஏறி வந்து, "பொறுத்தருளும் அம்மணி" என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கிக்கொள்வான். அவள் அவனுக்குத் தினமும் காப்பி இறக்கினாள். பங்குனி வெயிலில் அவர்கள் எல்லோரும் வற்றிப்போனார்கள். வாய்க்காலை மூடும் தீர்மானத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. மாசிலாமணி சார் சனிக்கிழமைகளில் கொக்கிக் கழியோடு கரையில் நடப்பதைப் பார்க்கிறவர்கள், பார்க்காததுபோலப் போனார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஞானக்கனிக்கும் யோபுவுக்கும் கல்யாணம் நடந்தது. குளத்தில் தேங்கியிருந்த நாற்பது பேரும் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். தையில் அவனை அணைக்கு மாற்றினார்கள். அவளும் கூடப் போனாள்.

அவர்கள் அங்கேதான், லஸ்கர் குடியிருப்பில், கடைசி வீட்டில் இருக்கிறார்கள். போன ஆடியில் ஞானக்கனிக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆனது. இப்போது நன்றாகத் தெரிகிறது.